ஓய்வு பெற்ற ஊழியர்

“ஐயா, ஒரு ஜெபத்தோட ஆரம்பிச்சு வைங்க” என்று மைக்கைக் கையில் திணித்தார் வழிகாட்டி. பஸ் இன்னும் ஓட்டல் வாசலை விட்டே நகரவில்லை.

வால்வுக்காரர் மைக்கைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர் மட்டும்தான் இருந்தது.

“நான் எதுக்கு ஜெபம் பண்ணணும்?”

“நல்லாக் கேட்டீங்க! நம்ம குழுவுக்கு ஊழியர் நீங்கதானே?”

அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு அட்டையைக் கயிற்றோடு அவர் கழுத்தில் மாட்டிவிட்டார் வழிகாட்டி. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘ஊழியர்’ என்று இருந்தது.

இந்தக் குளறுபடி எங்கே ஆரம்பித்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வால்வுக்காரர் குடிநீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். தெருத்தெருவாகச் சைக்கிளில் போய், சாலையோரத்து இரும்பு மூடியைத் தூக்கி, வால்வைத் திறந்து தண்ணீர் விடுவார். நேரம் முடிந்ததும் மூடுவார். அதனால்தான் அந்தப் பெயர். புனித பூமிப் பயணத்துக்கான படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகிற அளவு கட்டம். ‘குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்ற ஊழியர்’ என்று எழுத அதில் எங்கே இடம்? வாரியத்தை வெட்டிவிட்டு ‘ஓய்வு பெற்ற ஊழியர்’ என்று மட்டும் எழுதினார். சபைக்குப் போகிறவர்கள் மத்தியில் ஊழியர் என்றால் அர்த்தமே வேறு. ஆண்டவருக்கு ஊழியம் செய்கிறவர், ஜெபம் சொல்லிப் பிரசங்கம் பண்ணுகிறவர்.

வழிகாட்டியையும் குறை சொல்வதற்கில்லை. முறுக்கு மீசை வைத்த, சுறுசுறுப்பான மனிதர். இரண்டு மாதத்துக்கு முன்புவரை தேனிலவு ஜோடிகளை மலையேற்றிக்கொண்டிருந்தவரைக் கம்பெனி திடீரென்று வேதாகம இடங்களுக்கு மாற்றிவிட்டது. “ஊழியர்னா பாஸ்டர், ஸ்தோத்திரம்னா வணக்கம்” என்று ஒன்றரை நாள் பாடம் நடத்தி அனுப்பினார்கள். “உங்க குழுவுல ஒரு ஊழியர் வர்றார், ஜெபமெல்லாம் அவர் பாத்துக்குவார்” என்றும் சொல்லியிருந்தார்கள். பட்டியலில் தேடினார், ‘ஊழியர்’ என்று எழுதிய ஆள் அகப்பட்டுவிட்டார்.

நாற்பது பேரின் பெயரும் மண்டையில் நிற்காததால் அவர் எல்லாரையும் தொழிலை வைத்தே கூப்பிட்டார். டீச்சரம்மா, டைலர், பேக்கரிக்காரர் என்று பஸ்ஸே ஒரு கடைவீதி ஆகிவிட்டது. கடைசி சீட்டில் இருந்த ஒல்லியான நரைத்தலைப் பெரியவரை, “ஆடு மேய்க்கிற ஐயா, வந்துட்டீங்களா?” என்று கூப்பிட்டார். அந்தப் பெரியவர் ஒரு கணம் முழித்தார். அப்புறம் முகமெல்லாம் பல்லாக, “வந்துட்டேன் தம்பி, வந்துட்டேன்” என்றார். அன்றிலிருந்து அவர் ஆட்டுக்காரர்.

சரி, ஒரு ஜெபம்தானே, சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வால்வுக்காரரை உங்களுக்குத் தெரியாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய சபையில் ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. அடைப்பு இருந்தது சபைக் கட்டடத்துக் குழாயில். அதைச் சரி பண்ணச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தவரே வால்வுக்காரர்தான். ஆனால் சபைச் செயலாளர் எல்லார் முன்னாலும் மைக்கைப் பிடித்து, “வாரியத்து ஆள் நம்ம சபையிலேயே ஒருத்தர் இருக்கார். இருந்து என்ன பிரயோஜனம்?” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வால்வுக்காரர் எழுந்து நின்று, “இனிமே இந்த வாயில ஒரு ஜெபம் வராது” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போனவர் போனவர்தான். ஞாயிறுதோறும் மனைவியை வாசல்வரை கொண்டுவந்து விடுவார். ஆராதனை முடியும்வரை எதிர்ப்பக்கச் சுவர் நிழலில் நின்று பேப்பர் படிப்பார். உள்ளே அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள் என்பது அவருக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தலுக்காகச் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்கிற ஜாதி இல்லை அவர்.

மனைவிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. ஆண்டவர் முழுகி எழுந்த நதியில் தானும் ஒருமுறை முழுகி எழ வேண்டும். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், “இந்த வருஷம் விட்டா எனக்கு நடக்கவே முடியாதுங்க” என்று அவர் சொன்னபோது வால்வுக்காரரால் மறுக்க முடியவில்லை.

“பெட்டி தூக்கறேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். ஜெபம் மட்டும் பண்ணச் சொல்லாதே.”

“சொல்ல மாட்டேங்க.”

அந்த அம்மாள் சொல்லவில்லை. சொன்னது வழிகாட்டி.

“தம்பி, நான் நீங்க நினைக்கிற ஊழியர் இல்ல” என்றார் வால்வுக்காரர். மைக் அவர் கையிலேயே இருந்ததால் பஸ் முழுக்கக் கேட்டது. “நான் ஓய்வு பெற்ற ஊழியர்.”

“ஊழியத்துக்கு ஏது ஐயா ரிட்டயர்மென்ட்!”

பஸ்ஸில் எல்லாரும் கைதட்டினார்கள். “ஆமென்!” என்று முதல் குரல் கொடுத்தவர் ஆட்டுக்காரர்.

வால்வுக்காரருக்குச் சுள்ளென்று ஏறியது. வாயைத் திறந்தால்தானே ஜெபம்? திறக்கவே மாட்டேன், யார் என்ன பண்ணிவிடுவீர்கள் பார்க்கலாம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். நாற்பது பேரும் கண்களை மூடினார்கள். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. மைக்கில் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கோபத்தில் அது கொஞ்சம் பலமாகவே கேட்டது. மூன்றாவது நிமிஷம் டீச்சரம்மா விம்ம ஆரம்பித்தார்.

“ஆமென்!” என்று முடித்து வைத்தார் ஆட்டுக்காரர்.

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நோட்டை எடுத்து ‘மௌன ஜெபம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். “எத்தனையோ ஊழியர்களைப் பாத்திருக்கேன் ஐயா. ஒரு வார்த்தைகூடச் சொல்லாம இப்படி உருக வெச்சவர் நீங்க ஒருத்தர்தான்.”

“நான் ஜெபம் பண்ண மாட்டேன்னுதான்மா வாயை மூடிட்டு நின்னேன்.”

“என்ன தாழ்மை, பாருங்க” என்றார் டீச்சரம்மா, டைலரிடம் திரும்பி.

முதலில் போனது ஒரு பழைய கிணற்றுக்கு. ஆண்டவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு பெண்ணோடு பேசிய கிணறு. வழிகாட்டி கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “ஊழியர் ஐயா இப்ப ஒரு சின்ன தியானம் கொடுப்பார்” என்று அறிவித்துவிட்டார்.

வால்வுக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. முழுக்க முழுக்கத் தொழில் பேச்சாகப் பேசினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் இல்லையா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேல இருக்கற கைப்பிடிச் சுவரை நல்லாத்தான் பூசியிருக்காங்க. அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. கிணறுன்னா அடியில தூர் வாரணும். தூர் வாராம மேல மட்டும் வெள்ளையடிச்சா ஊத்து செத்துப்போயிடும்.”

டீச்சரம்மா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் இன்னும் தெளிவாக்கினார்.

“குழாயும் அப்படித்தான். கசிவு இருந்தா வெளியில தெரியாது. மண்ணுக்கு அடியில வருஷக்கணக்கா ஒழுகிட்டே இருக்கும். கடைசி வீட்டுல தண்ணி வரலையேன்னு கத்தும்போதுதான் தெரியும். அடைப்புன்னா வாரியத்தைத் திட்டறோம். அடைப்பு முக்கால்வாசி அவங்கவங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. இது என் முப்பத்திரண்டு வருஷ அனுபவம்.”

பேக்கரிக்காரர் திடீரென்று பக்கத்தில் நின்ற தன் தம்பியின் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “கசிவு என்கிட்டதாண்டா, என்கிட்டதான்” என்று குலுங்கினார். அண்ணனும் தம்பியும் ஆறு வருஷமாகப் பேசாமல் ஒரே கடையில் ரொட்டி சுட்டவர்களாம். டீச்சரம்மா பேனாவில் மை தீர்ந்துபோய், டைலரிடம் ஒன்று கடன் வாங்கினார்.

“ஐயா இன்னும் கொஞ்சம் சொல்லட்டும்!” என்று பின்னாலிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தார் ஆட்டுக்காரர்.

அடுத்து, தண்ணீர் திராட்சரசமாக மாறிய கலியாண வீடு. அங்கே ஆறு கல்ஜாடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வால்வுக்காரர் இந்தத் தடவை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்வது என்று தீர்மானித்து, “ஜாடியில தண்ணி நிரப்பினவன் பேரை யாரும் கேக்கலை, பாத்தீங்களா?” என்றார். வாரியத்து ஆட்களை ஊர் மதிப்பதில்லை என்ற ஆத்திரத்தில் வந்த வாக்கியம் அது. அதைக் கேட்டு, சமையல்கட்டிலேயே காலம் கழித்த ஏழெட்டு அம்மாமார்கள் ஒரே சமயத்தில் அழுதார்கள். வேறொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் வந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு ஆட்டுக்காரரின் மேஜைக்குப் போனார். இந்தப் பஸ்ஸிலேயே நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளாத மனிதர் அவர் ஒருவர்தான்.

“ஆடு எத்தனை வெச்சிருக்கீங்க?” என்று பேச்சுக் கொடுத்தார்.

ஆட்டுக்காரர் ரொட்டியை மெல்வதை நிறுத்தி யோசித்தார். “முந்நூறு இருக்கும். ஒழுங்கா வர்றது பாதிதான்.”

“மீதி?”

“மேய்ச்சல் நல்லாயிருக்கற பக்கம் போயிடும். என்ன பண்றது?”

“முட்டுமா?”

“குட்டிங்க முட்டாது. பெரிய கெடா ஒரு ஏழெட்டு இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து முட்டும்.” ஆட்டுக்காரர் சொல்லிவிட்டுச் சிரித்தார். “பத்து நாளைக்கு அதுங்க நினைப்பே வேண்டாம்னுதான் இங்க வந்தேன். பின்சீட்டுல உக்காந்து வேடிக்கை பாக்கறது எவ்வளவு சுகம் தெரியுமா?”

வால்வுக்காரர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். “ஐயா, நீங்க என்னைவிட மூத்தவர். இதைக் கொஞ்சம் மாட்டிக்கோங்க. சாயங்காலம் ஒரே ஒரு ஜெபம் மட்டும் சொல்லிடுங்க. நல்ல மனுஷன் நீங்க, உங்களுக்கு வரும்.”

பெரியவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். முகம் வெளிறிவிட்டது. “ஐயையோ, எனக்கு எதுக்கு! உங்களுக்குத்தான் அது எடுப்பா இருக்கு. நல்லாப் பேசறீங்க. நிஜமாவே நல்லாப் பேசறீங்க. எனக்கெல்லாம் இந்தக் கசிவு, அடைப்பு எதுவும் தோணாது.” தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்கே போய்விட்டார்.

அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டார் வால்வுக்காரர். அரைமணி நேரத்தில் வழிகாட்டி புதிதாக ஒன்று கொண்டுவந்தார். இந்த முறை அதற்குக் கண்ணாடி உறை போட்டிருந்தது.

மாலை திரும்புகிற வழியில் வழிகாட்டி மைக்கைத் தானே வைத்துக்கொண்டு பேசினார். “நாளைக்கு நதி! எல்லாரும் மாத்துத் துணி எடுத்துக்குங்க. ஞானஸ்நானம் எல்லாருக்கும் எப்பவோ ஆயிருக்கும், இது அதை நினைச்சு ஒரு முழுக்கு. ஆனா ஒரு விதி இருக்கு. குழுவோட ஊழியர் கையெழுத்துப் போட்டு, முன்னால இறங்கினாத்தான் மத்தவங்களை உள்ள விடுவாங்க. போன மாசம் ஒரு குழுவுல ஊழியருக்குக் காய்ச்சல். நாப்பது பேரும் கரையில நின்னு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிட்டாங்க. நமக்கு அந்தக் கவலை இல்ல!”

பஸ் கைதட்டியது. வால்வுக்காரரின் மனைவி மட்டும் கைதட்டவில்லை. மடியில் கிடந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தார்.

அறைக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். வால்வுக்காரர் ஜன்னலோரம் நின்றார்.

“ஏங்க, நீங்க ஊழியர்தானே? வாரியத்து அடையாள அட்டையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டா அதுல என்ன பொய்?”

“வார்த்தையில பொய் இல்ல. ஆனா அவங்க எதை நினைச்சுக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே போட்டா பொய்தான்.”

“நீங்க ஜெபம் பண்ண வேண்டாம். பிரசங்கம் பண்ண வேண்டாம். கையெழுத்து மட்டும்.”

“முப்பத்திரண்டு வருஷத்துல நான் திறக்காத வால்வுக்குத் திறந்தேன்னு ஒரு நாள் கையெழுத்துப் போட்டதில்ல. அதிகாரி மிரட்டிக்கூடப் போடல. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.” அந்த அம்மாள் தைலப் புட்டியை மூடினார். “பதினோரு வருஷமா நான் உங்களை உள்ள வாங்கன்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கேனா? நீங்க செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். அதான் கூப்பிடல. ஆனா பக்கத்து இடம் காலியா இருக்கறதைப் பாத்துப் பாத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாளைக்கு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இந்தக் கால் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வராது, அதை மட்டும் சொல்லி வெக்கறேன்.”

விளக்கை அணைக்காமலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து வால்வுக்காரர்தான் அதை அணைத்தார்.

மறுநாள் காலை நதிக்கரையில் நல்ல வெயில். கரையிலிருந்து தண்ணீருக்குள் கற்படிகள் இறங்கின. படிக்கட்டின் தலைப்பில் ஒரு சங்கிலி, சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு தடித்த பதிவேடு. எல்லாரும் நீண்ட வெள்ளை அங்கிகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வால்வுக்காரரின் மனைவி முதல் ஆளாக நின்றார். கல்யாணத்தன்றுகூட வால்வுக்காரர் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

“இங்க ஒரு கையெழுத்து ஐயா” என்று வழிகாட்டி பேனாவை நீட்டினார்.

பதிவேட்டில் ‘இக்குழுவின் ஊழியர் நானே என்று உறுதி கூறுகிறேன்’ என்று அச்சடித்திருந்தது. வால்வுக்காரர் பேனாவை வாங்கினார். காகிதத்தில் முனையை வைத்தார். கை நகரவில்லை. மனைவியை ஒரு தடவை பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். அப்போதும் கை நகரவில்லை. பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டு வழிகாட்டியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! நான் ஊழியர் இல்ல! பாஸ்டர் இல்ல! குடிநீர் வாரியத்துல வால்வு திறந்தவன்! பதினோரு வருஷமா சபை வாசப்படி மிதிச்சதில்ல! ஒரு ஜெபம் பண்ணினதில்ல! உங்களை ஏமாத்திட்டு இங்க வந்து நிக்கறேன், போதுமா?”

ஒரு கணம் வால்வுக்காரருக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா, ஒருவழியாக விஷயம் முடிந்தது.

“சாட்சி!” என்று அலறினார் டீச்சரம்மா. “இதுதான் உண்மையான சாட்சி! எத்தனை பேர் இப்படித் தன்னைத் தாழ்த்தி அறிக்கை பண்ணுவாங்க?” கையைத் தூக்கிக்கொண்டு வரிசையைவிட்டு வெளியே வந்தார். “நானும் சொல்லிடறேன்! தலைமையாசிரியர் பொண்ணுக்கு நான் ஏழு மார்க் சும்மா போட்டேன்!”

“சட்டைத் துணியில மிச்சம் பிடிச்சுப் பிடிச்சே என் பிள்ளைங்களுக்கெல்லாம் தைச்சேன்!” என்று டைலர் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

“நேத்து ரொட்டியை இன்னைக்குச் சுட்டதுன்னு வித்தேன்!” என்றார் பேக்கரிக்காரர். “நான்தான் அண்ணே சூடு பண்ணிக் குடுத்தேன்!” என்றார் தம்பி.

“ஐயோ, நான் நிஜமாத்தான் சொல்றேன்!” என்று கத்தினார் வால்வுக்காரர். அவர் கத்தக் கத்த அழுகை கூடிற்று.

நம்பியவர் வழிகாட்டி ஒருவர்தான். தேனிலவு ஜோடிகளைக் கூட்டிப்போய்ப் பழகியவருக்கு, மனிதர்கள் எப்போது நிஜம் பேசுகிறார்கள் என்று தெரிந்திருந்தது. கிட்டே வந்து கிசுகிசுத்தார்.

“ஐயா, சத்தியமாவா?”

“சத்தியமா.”

“வால்வு?”

“வால்வு.”

வழிகாட்டியின் மீசை தொங்கிப்போயிற்று. “போச்சு. அப்ப யாரும் இறங்க முடியாது. எல்லாரும் அங்கியைக் கழட்டிடுங்க!”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. வால்வுக்காரரின் மனைவி கணவரை முறைக்கக்கூட இல்லை. கல் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து, அங்கியைத் தலைவழியாகக் கழற்றி, மடியில் வைத்து நான்காக மடிக்க ஆரம்பித்தார். கையால் நீவி நீவி மடித்தார்.

அந்த மடிப்பை வால்வுக்காரரால் தாங்க முடியவில்லை. நேராகப் போய் அங்கியைப் பிடுங்கி உதறினார்.

“போட்டுக்கோ.”

“அவங்கதான் விட மாட்டாங்களே.”

“யார் விட மாட்டாங்க? தண்ணியைப் பூட்டறதும் திறக்கறதும் என் வேலை. முப்பத்திரண்டு வருஷம் அதைத்தான் பண்ணினேன். பொய்க் கையெழுத்து போட மாட்டேன்னுதான் சொன்னேன். உன்னைத் தண்ணியில இறக்க மாட்டேன்னு சொல்லல. எழுந்திரு!”

மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார். சங்கிலியின் கொக்கியைக் கழற்றினார்.

“ஐயா, அது விதி!” என்று வழிகாட்டி குறுக்கே வந்தார்.

“விதி எழுதினவரை வரச்சொல்லுங்க. என் பெண்டாட்டி முழங்காலை அவருக்குக் காட்டறேன்.”

முதல் படியைக் காலால் தடவிப் பார்த்தார். பாசி. இரண்டாவது படியில் பக்கவாட்டில் நின்று, தன் தோளில் மனைவியின் கையை வைத்துக்கொண்டார். “இடது காலை முதல்ல வை. அவசரமில்ல. நான் பிடிச்சிருக்கேன்.” படி படியாக இறக்கினார். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நின்றார்.

“ஏதாவது சொல்லணுங்க” என்றார் மனைவி மெதுவாக. “சொல்லாம முழுகக் கூடாது.”

வால்வுக்காரர் தண்ணீரைப் பார்த்தார். பல்லைக் கடித்தார். பிறகு எதிர்க்கரையிலிருக்கும் யாரிடமோ சண்டை போடுவதுபோல் பேசினார்.

“இவ முழங்கால் ரெண்டும் போயிடுச்சு. மனசுல ஒரு அடைப்பும் கிடையாது. பதினோரு வருஷம் இவளைத் தனியா உக்கார வெச்சது நான். கோபம் எனக்கு அந்தச் செயலாளர் மேல. தண்டனை இவளுக்குக் கிடைச்சுது. அது தப்பு. அதை என் கணக்குல எழுதிக்கிட்டு, இவளை நல்லா வெச்சுக்குங்க. அவ்வளவுதான்.”

முதுகில் ஒரு கை, தலையில் ஒரு கை கொடுத்து மனைவியை முழுக்கி எடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்த அந்த அம்மாள் சிரித்தாரா அழுதாரா என்று கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

“என்னங்க, இப்ப நீங்க பண்ணினது ஜெபம்.”

“இல்ல. புகார் மனு.”

“யார்கிட்டக் கொடுத்தீங்க?”

வால்வுக்காரர் மனைவியின் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால், சங்கிலிக்கு இந்தப் பக்கம் குழுவே இறங்கி நின்றது. டீச்சரம்மா நோட்டைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். “அடுத்தது நான் ஐயா!” “இல்ல, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா!” என்று பேக்கரி அண்ணனும் தம்பியும் முண்டினார்கள்.

“நான் ஊழியர் இல்லன்னு இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?”

“பரவாயில்ல ஐயா, நீங்க அப்படியே இருங்க!”

வழிகாட்டி பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மேல்படியில் நின்று தவித்தார். “என் வேலை போகப் போகுது! ஒரு ஊழியர் நிச்சயமா வர்றார்னு ஆபீஸ்ல அடிச்சுச் சொன்னாங்களே! நீங்களும் இல்லன்னா அந்த மனுஷன் எங்கதான் தொலைஞ்சார்?”

வரிசையின் கடைசியிலிருந்து ஆட்டுக்காரர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வழிகாட்டியிடம் கொடுத்தார். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பதிவேட்டில் பழகிய கையால் ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு படியிறங்கி வந்து வால்வுக்காரரின் தோளைப் பற்றிக்கொண்டு வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“தொலையல தம்பி. படிவத்துல நான் ‘மேய்ப்பர்’னு எழுதினேன், ஆடு மேய்க்கிறவன்னு நீங்களாப் படிச்சுக்கிட்டீங்க. நாப்பத்தோரு வருஷமா ஊரையே முழுக்கி எடுத்த பாஸ்டர் நான், என்னை முழுக்கி எடுக்க ஒருத்தர் கிடைச்சிருக்கார், அவரை ஊழியர் இல்லைன்னு சொல்லிக் கெடுத்துடாதீங்க.”